ஹெட்டைக் கழற்றும் முன்: பழைய கார் எஞ்சினில் ஆயிலோடு தண்ணீர் கலப்பது பற்றி ஓர் ஆய்வு

பெங்களூரில் அல்சூரை ஒட்டியிருக்கும் மர்பி டவுன், கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி. முன்பு நாக்ஸ்பேட்டை என்று வழங்கிய இடத்துக்கு, கன்டோன்மென்ட் நிர்வாகத்தில் பொறியாளராக இருந்த மர்பியின் பெயர் பிற்பாடு வந்தது. ராணுவத்தின் 515 பேஸ் ஒர்க்‌ஷாப்பும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையமும் இதே அல்சூர் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. வண்டி வேலை இங்கே யாருக்கும் புதிதல்ல. இந்தத் தெருக்களில் ஓர் அம்பாசடரையோ பத்மினியையோ பழைய ஜீப்பையோ பிள்ளையைப் போல வளர்க்கிறவர்களைக் கலங்கடிக்க ஒரு வாக்கியம் போதும்: “ஆயில்ல தண்ணி கலந்திருச்சு.”

பட்டறையில் அதைத் தொடர்ந்து வரும் வாக்கியமும் பெரும்பாலும் ஒன்றேதான்: “ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, கழற்றிப் பாத்துரலாம்.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நம் பட்டறைகளில் பெரும்பாலும் அது நடப்பதில்லை. ஆயிலில் தண்ணீர் தெரிந்தால் கேஸ்கெட்தான் காரணம் என்பது பல தடவை சரியாக வரும். ஆனால் சரியாக வராத தடவைகளில் போகும் பணமும், அதைவிட முக்கியமாக அழியும் சாட்சியமும் திரும்பி வருவதில்லை. ஹெட்டைத் தூக்கிய நிமிடத்தில், எந்த வழியாக நீர் வந்தது என்பதைக் காட்டக்கூடிய அழுத்தம், இறுக்கம், ஒட்டல் எல்லாம் கலைந்துபோகின்றன. அதன் பிறகு ஊகம்தான் மிஞ்சும். ஆகவே “எது உடைந்தது?” என்பதை முதல் கேள்வியாக வைக்கக்கூடாது. நீர் எங்கிருந்து எங்கே போகிறது, எஞ்சின் ஓடும்போதா நின்ற பிறகா, எந்த அழுத்தத்தில் என்று முதலில் கேட்க வேண்டும். இந்த வரிசையில் கேட்டால், ஹெட்டின் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தாமலேயே பெரும்பாலான பழைய எஞ்சின்கள் பதில் சொல்லிவிடும்.

முதலில், அது கூலண்ட்தானா?

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஒரு பசை. அதைக் கண்டவுடன் கூலண்ட் என்று முடிவு கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் பிழை. எஞ்சின் தானாகவே நீரை உற்பத்தி செய்யும் இயந்திரம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, அரைமணி நேரமாவது அந்தச் சூட்டில் ஓடினால் அந்த ஈரமும் ஆவியாகிப் பிரீதர் வழியே வெளியேறிவிடும். சூடேறாவிட்டால் ராக்கர் கவரின் குளிர்ந்த தகட்டில் படிந்து ஆயிலோடு குழைந்து பசையாகிவிடும்.

இந்தப் பொய்யான அபாயத்துக்கு பெங்களூர் ஏற்ற ஊர். மர்பி டவுனிலிருந்து கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கோ சிவாஜிநகருக்கோ போய்வருவது சில கிலோமீட்டர்தான். மார்கழி, தை மாதங்களில் காலைக் குளிர் 15, 16 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது. அதோடு நம் நாட்டுப் பட்டறைகளுக்கே உரிய ஒரு வழக்கம் சேர்கிறது: வண்டி சூடாகிறது என்று சொன்னால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். 82 டிகிரி அளவில் திறக்க வேண்டிய வால்வு இல்லாமல் போனால் தண்ணீர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கு வந்துசேர நெடுநேரமாகும். அந்தக் குளிர்ந்த எஞ்சினில் பசை படிவது இயல்பு.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கென விண்டேஜ் பதிவு விதிகளை வெளியிட்டது. அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் பயணத்துக்கு எடுக்கக்கூடாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. விதியின் நோக்கம் நியாயமானது. ஆனால் அதன் விளைவாக ஏற்கெனவே குறைவாக ஓடும் வண்டி இன்னும் குறைவாக ஓடுகிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் வைத்து அணைப்பதை அன்பான பராமரிப்பு என்று பலர் நம்புகிறார்கள். எஞ்சினுக்குள் ஈரம் சேர அதைவிட உறுதியான வழி இல்லை.

நீர் வர வேறு வழிகளும் உண்டு. எஞ்சினைக் குழாய் வைத்துக் கழுவும்போது பிரீதர் வழியே இறங்கலாம். 2022 செப்டம்பரில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகளில் நேர்ந்ததுபோல, வெள்ளத்தில் நின்ற வண்டியின் சம்ப்பிற்குள் தெருத்தண்ணீர் புகுந்திருக்கலாம். வெள்ளத்தில் நின்ற வண்டியை யாரிடமிருந்தாவது வாங்கினீர்களா என்று கேட்காமல் கேஸ்கெட்டைக் குறைசொல்லக் கூடாது.

இவற்றைப் பிரித்தறியும் வழி எளிது. பசை மூடியில் மட்டும் இருந்து டிப் ஸ்டிக்கில் தெளிந்த ஆயில் வந்தால், ரேடியேட்டரில் நீர் குறையாமலும் இருந்தால், மூடியைத் துடைத்துவிட்டு ஹோசகோட்டை பக்கமோ ஒசூர் பக்கமோ நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவரலாம். பசை மறைந்தால் அது எஞ்சினின் சொந்த ஈரம். டிப் ஸ்டிக்கிலேயே நிறம் மாறியிருந்தாலும், ஆயில் மட்டம் ஏறி ரேடியேட்டர் மட்டம் இறங்கியிருந்தாலும் கதை வேறு. அப்போது ஓட்டிப் பார்க்கவே கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அழுத்தம் எந்தப் பக்கம் தள்ளுகிறது?

நோயறிதலின் மையம் இதுதான். எஞ்சின் ஓடும்போது அதற்குள் நான்கு வகை இடங்கள் அருகருகே இருக்கின்றன. சிலிண்டருக்குள் எரிதல் நடக்கும் நொடியில் அழுத்தம் நூற்றுக்கணக்கான பி.எஸ்.ஐ. ஆயில் காலரியில், அதாவது பம்ப் தள்ளும் ஆயில் ஓடும் துளைகளில், பழைய கார்களில் பொதுவாக 40 முதல் 60 பி.எஸ்.ஐ. நீர் ஓடும் ஜாக்கெட்டில், ரேடியேட்டர் மூடி எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. பழைய வண்டிகளில் பல மூடிகள் 4 முதல் 7 பி.எஸ்.ஐ. வரைதான். கிராங்க் கேஸ், புஷ் ராட் துளைகள், ராக்கர் கவரின் உள்பக்கம் ஆகியவற்றில் அழுத்தம் என்று சொல்ல ஏதுமில்லை.

இனி விளக்கம் தானாக வருகிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் காலரிக்கும் நீர் ஜாக்கெட்டுக்கும் நடுவே கசிவு இருந்தால், 50 பி.எஸ்.ஐ.யில் இருக்கும் ஆயில்தான் 7 பி.எஸ்.ஐ.யில் இருக்கும் நீருக்குள் போகும். ரேடியேட்டரில் கரும்பழுப்புப் படலம் மிதக்கும். அணைத்ததும் ஆயில் அழுத்தம் நொடிகளில் சுழியாகிவிடும். சூடான ரேடியேட்டரில் அழுத்தம் நெடுநேரம் நிற்கும். அப்போது அதே துளை வழியே நீர் ஆயிலுக்குள் இறங்கும். ஆக, இரண்டு பக்கமும் கலப்பு இருந்தால் கசிவு அழுத்தமுள்ள ஆயில் வழியைத் தொடுகிறது என்று பொருள்.

ரேடியேட்டர் துளி ஆயிலும் இல்லாமல் சுத்தமாக இருந்து, சம்ப்பில் மட்டும் நீர் சேர்ந்தால் ஆயில் காலரியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அழுத்தமில்லாத ஏதோ ஓர் இடத்தில் நீர் சொட்டுகிறது. புஷ் ராட் துளை, லைனரின் அடிப்பக்கச் சீல், ராக்கர் கவருக்கு உள்ளே இருக்கும் கோர் பிளக், பிளாக்கின் உட்சுவரில் விரிசல், அல்லது நின்ற எஞ்சினில் சிலிண்டருக்குள் இறங்கி ரிங்குகளைத் தாண்டிச் சம்ப்பிற்குப் போகும் நீர்.

மூன்றாவது வடிவம்: ஆயில் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ரேடியேட்டர் பொங்குகிறது, நீர் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது. இங்கே எரிந்த வாயு நீருக்குள் போகிறது. நீர் சிலிண்டருக்குள் போகிறது. கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனால் இது ஆயில் கலப்பு அல்ல. இந்த மூன்று வடிவங்களையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் தவறான தீர்ப்புகளில் பெரும்பகுதி பிறக்கிறது.

பெங்களூருக்கென்று இன்னொன்றும் உண்டு. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் நீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதிக்கும். 7 பி.எஸ்.ஐ. மூடி நன்றாக இருந்தால் கொதிநிலை 109 டிகிரி வரை உயரும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். கிருஷ்ணகிரியிலிருந்து ஒசூருக்கு ஏறும் சாலையில் பொங்கிய எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி வார்ப்பிரும்பில் விரிசல் வாங்கிய வண்டிகள் ஏராளம். ஆகவே சோதனையின் முதல் உறுப்பு அந்த மூடிதான். தளர்ந்த மூடி நோயின் காரணமாகவும் இருக்கலாம். நோயை மறைக்கும் திரையாகவும் இருக்கலாம்.

எஞ்சினுக்கு எஞ்சின் வழி வேறு

ஒரே அறிகுறி எல்லா எஞ்சினிலும் ஒரே காரணத்தைக் காட்டாது. நம் சாலைகளில் மிஞ்சியிருக்கும் பழைய கார்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசடர் 1950களின் பிற்பகுதியில் உத்தரபாரா ஆலையில் தொடங்கி 2014 மே வரை உற்பத்தியானது. 1959 முதல் அதில் இருந்த 1489 சி.சி. எஞ்சின் பி.எம்.சி.யின் பி வரிசை. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே உலோகம் என்பதால் சூட்டில் சேர்ந்தே விரிகின்றன. கேஸ்கெட்டின் மேல் இழுபறி குறைவு. அதனால்தான் அத்தனை அலட்சியத்தையும் பொறுத்துக்கொண்டு டாக்சியாக ஓடியது. இந்த எஞ்சினில் புஷ் ராடுகள் ஹெட்டையும் கேஸ்கெட்டையும் துளைத்துக்கொண்டு மேலே போகின்றன. ராக்கருக்குப் போன ஆயில் அதே துளைகள் வழியே திரும்பி இறங்குகிறது. அவற்றுக்கு அருகிலேயே நீர்த்துளைகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் அரித்தால் நீர் நேராகச் சம்ப்பிற்குப் போகும். ரேடியேட்டரில் ஆயில் தெரியாது. ராக்கருக்கு ஆயிலை ஏற்றும் துளையும் கேஸ்கெட்டைக் கடந்தே செல்கிறது. அங்கே அரித்தால் ரேடியேட்டரில் ஆயில் தெரியும். ஆக, ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பதே கேஸ்கெட்டின் எந்த மூலை என்று ஊகிக்க உதவுகிறது. இதே குடும்ப எஞ்சின் ஓடும் எம்.ஜி.பி. கார்களில் நடு சிலிண்டர்களின் வால்வு சீட்டுகளுக்கு நடுவே ஹெட் விரிசல் விடுவது உலகறிந்த குறை. ஆகவே அம்பாசடர் ஹெட்டைச் சோதிக்கும்போதும் அந்த இடத்தை முதலில் பார்ப்பது நல்லது.

மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் ஃபியட் 1100 வடிவில் தொடங்கி 1974 முதல் பத்மினி என்ற பெயரில் செய்த காரின் 1089 சி.சி. எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 40 செ.மீ. நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால், ஹெட்டும் பிளாக்கும் விரியும் அளவில் ஏறக்குறைய 0.4 மி.மீ. வேறுபாடு வரும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கேஸ்கெட் அந்த அளவுக்குத் தேய்க்கப்படுகிறது. அதைவிடப் பெரிய பகை, நாம் ஊற்றும் தண்ணீர். துருத்தடுப்பு மருந்து எதுவும் இல்லாத போர்வெல் தண்ணீர், நீர்த்துளைகளின் ஓரத்தில் அலுமினியத்தைத் தின்றுகொண்டே வரும். கேஸ்கெட் புதிதாக இருக்கும். அது உட்கார வேண்டிய உலோக விளிம்பு இருக்காது. பத்மினியில் திரும்பத் திரும்பக் கேஸ்கெட் மாற்றியும் தீராத கலப்புக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1950களில் பூட்டிய வான்கார்டு இன்னொரு வகை. அதன் 2088 சி.சி. எஞ்சின், ஃபெர்கூசன் டி.இ.20 டிராக்டருக்கும் ட்ரையம்ஃப் டி.ஆர். வரிசை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் உறவு. இதில் சிலிண்டர்கள் பிளாக்கோடு வார்க்கப்பட்டவை அல்ல. தனித்தனி வெட் லைனர்கள். அவற்றைச் சுற்றி நேரடியாக நீர் நிற்கும். லைனர்கள் இரண்டிரண்டாக, எட்டு வடிவக் கேஸ்கெட்டின் மேல் உட்காரும். அந்தக் கேஸ்கெட் அரித்தால் நீர் போக ஒரே இடம் சம்ப். லைனரின் மேல்விளிம்பு பிளாக்கைவிட நூலளவு, அதாவது 0.08 முதல் 0.13 மி.மீ. வரை, தூக்கி நிற்க வேண்டும். தூக்கல் குறைந்தால் ஹெட் லைனரை அழுத்திப் பிடிக்காது. இந்த எஞ்சினில் ஹெட்டைக் கழற்றிவிட்டு, லைனர்களைப் பிடித்துவைக்காமல் கிராங்கைச் சுழற்றினால், நன்றாக இருந்த அடிக்கேஸ்கெட்டும் கெட்டுவிடும். “கழற்றிப் பார்க்கலாம்” என்ற சொல் இங்கே இல்லாத நோயையும் உண்டாக்கும். அதே நிறுவனம் பிறகு செய்த ஹெரால்டில் இந்தக் கவலை இல்லை. அதன் 948 சி.சி. எஞ்சின் முழு வார்ப்பிரும்பு, லைனர் கிடையாது.

அமெரிக்க வி8 வண்டிகளில் இன்னொரு வழி உண்டு. அவற்றில் பலவற்றில் இன்லெட் மேனிஃபோல்டு வழியாகவே நீர் கடக்கிறது; அதன் கேஸ்கெட் கசிந்தால் இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் நீர் இறங்கி ஆயிலில் கலக்கும். ஹெட்டைத் தொடவே வேண்டாம். ஆயிலை நீரால் குளிர்விக்கும் கூலர் உள்ள டீசல் வண்டிகளில் முதல் சந்தேகம் கூலர்மேல் விழ வேண்டும். வெட் லைனர் டீசல்களில் நீர்ப்பக்க அதிர்வால் லைனரில் ஊசித்துளைகள் விழுவதும் உண்டு. எஞ்சினின் வரைபடத்தைப் பார்த்து, நீரும் ஆயிலும் எங்கெல்லாம் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பட்டியலிட்டுக்கொண்டுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

சோதனைகளும் அவற்றின் வரிசையும்

கண், மூக்கு, கை ஆகியவற்றால் செய்யும் சோதனைகளை நம் மேஸ்திரிகள் திறமையாகச் செய்கிறார்கள். கருவிச் சோதனைகளைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். புதிதாகப் பழைய கார் வாங்கியவர்கள் நேர்மாறாகக் கருவியை மட்டும் நம்புகிறார்கள். இரண்டும் வேண்டும். எளியது முதலில், எஞ்சினைக் கலைப்பது கடைசியில் என்பதே முறை.

எஞ்சினை ஓர் இரவு முழுவதும் ஆறவிட்டு, சம்ப்பின் அடிபோல்ட்டை மெதுவாகத் தளர்த்துவது முதல் சோதனை. நீர் ஆயிலைவிடக் கனமானது. குழையாமல் இருந்தால் அடியில் தங்கும். முதலில் தெளிந்த நீர் வந்து பிறகு ஆயில் வந்தால் கசிவு பெரிது, புதியது. எல்லாம் குழைந்த பாலாக வந்தால் நீர் கலந்தபிறகும் எஞ்சின் ஓடியிருக்கிறது என்று பொருள்.

நிறம் தெளிவாகத் தெரியாத சந்தேகநிலையில் சூட்டுத்தட்டுச் சோதனை உதவும். 150 முதல் 160 டிகிரி வரை சூடான தட்டில் ஆயில் ஒரு சொட்டு விட்டால், அதில் 0.1 விழுக்காடு அளவில் நீர் இருந்தாலும் பொரிந்து தெறிக்கும். கண்ணாடி அணிந்துகொண்டு செய்ய வேண்டும். இது நீரைக் காட்டும். அந்த நீர் ரேடியேட்டரிலிருந்து வந்ததா என்று காட்டாது. அதற்கு ஆயில் ஆய்வகம் வேண்டும். கூலண்ட் மருந்துகளில் உள்ள சோடியமும் பொட்டாசியமும் ஆயிலில் தெரிந்தாலோ கிளைகால் தெரிந்தாலோ ஐயம் தீரும். வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியில் இந்த அடையாளங்கள் இருக்காது. கூலண்ட் ஊற்றுவதற்கான காரணங்களில் இதையும் சேர்க்கலாம்: அது எஞ்சினைக் காப்பதோடு, கசிந்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும்.

மூன்றாவதாகவும் மிக வலிமையானதாகவும் நான் வைப்பது கூலிங் சிஸ்டத்தின் அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் கழுத்தில் கைப்பம்பும் கேஜும் உள்ள டெஸ்டரைப் பொருத்தி, மூடியின் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்ற வேண்டும். 7 பி.எஸ்.ஐ. வண்டிக்கு 15 ஏற்றினால் பழைய பித்தளை ரேடியேட்டர் பிளந்துவிடலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயிலை வடித்து, அடிபோல்ட்டைத் திறந்தபடி, அடியில் வெள்ளைத் தட்டு வைத்து ஓர் இரவு விட வேண்டும். வெளியே எங்கும் ஈரமில்லாமல் கேஜ் இறங்கினால் கசிவு உள்ளே. சம்ப்பைக் கழற்றிவிட்டுக் கீழிருந்து விளக்கடித்துப் பார்த்தால், எந்தச் சிலிண்டரின் அடியில் சொட்டுகிறது என்பதே தெரியும். லைனர் சீலா, பிளாக்கின் சுவரா, புஷ் ராட் பக்கமா என்று கண்ணால் காட்டும் சோதனை வேறில்லை. சில விரிசல்கள் குளிரில் மூடியிருந்து சூட்டில்தான் திறக்கும். ஆகவே எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒருமுறையும் செய்ய வேண்டும்.

கருவிச் சோதனை செய்யும் பட்டறைகளில் முதலில் செய்யப்படுவது கம்ப்ரஷன் சோதனைதான். அதன் எல்லை பலருக்குத் தெரிவதில்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்தால் நடுவே கேஸ்கெட் போனது ஏறக்குறைய உறுதி. ஆனால் நீர்த்துளைக்கும் புஷ் ராட் துளைக்கும் நடுவே அரித்த கேஸ்கெட் சிலிண்டரைத் தொடுவதே இல்லை. அங்கே நான்கு சிலிண்டரும் நன்றாகவே காட்டும். “கம்ப்ரஷன் நல்லா இருக்கு, கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு” என்ற முடிவு அதனால்தான் நிற்காது. சிலிண்டரை மேல்முனையில் நிறுத்தி, காற்றைச் செலுத்திப் பார்க்கும் லீக் டவுன் சோதனை இன்னும் நுட்பமானது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் சிலிண்டருக்கும் நீருக்கும் நடுவே வழி இருக்கிறது என்று பொருள்.

எரிந்த வாயு நீரில் கலக்கிறதா என்று பார்க்க, நீலத் திரவம் உள்ள குழலை ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனை உண்டு. கரியமில வாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். கருவி இல்லாவிட்டால், ஆறிய எஞ்சினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடியில்லாமல் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டலாம். பம்ப் சுழலாத நிலையில் உடனே குமிழி கிளம்பினால் அது வாயுவாகவே இருக்கும். ஸ்பார்க் பிளக்குகளையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். நீர் இறங்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல வெளுத்திருக்கும்.

கழற்றிய பிறகு

இவ்வளவுக்கும் பிறகு ஹெட்டைக் கழற்றுவது ஊகத்தைச் சோதிக்கச் செய்யும் வேலை. எங்கே பார்க்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எறியாமல், இரண்டு பக்கமும் படமெடுத்து, முன்பக்கம் எது என்று குறித்து வைக்க வேண்டும். துரு வழிந்த தடமும் கரி படிந்த கோடும் அதில் எழுத்துப்போலத் தெரியும்.

நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட்டை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ. வளைவு பொதுவாகப் பரவாயில்லை, 0.1 மி.மீ.யைத் தொட்டால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்தாக வேண்டும். பிளாக்கின் மேல்முகத்தையும் அதேபோல் பார்க்க வேண்டும். நம் பட்டறைகளில் ஹெட்டை மட்டும் அனுப்புகிறார்கள். பிளாக்கை யாரும் பார்ப்பதில்லை. ஹெட்டின் நீர்த்துளைகளை அடைத்து, அதை வெந்நீர்த் தொட்டியில் மூழ்கவிட்டுக் காற்றழுத்தம் கொடுத்தால் விரிசல் குமிழியாகத் தெரியும். வார்ப்பிரும்புக்குக் காந்தத்தூள் சோதனை செய்யலாம். அலுமினியத்துக்குக் காந்தம் உதவாது. சாயம் ஊடுருவும் சோதனைதான் வழி.

வார்ப்பிரும்பு விரிசலை வெல்டிங் செய்வது ஆபத்தானது. சூட்டில் பக்கத்தில் புது விரிசல் விடும். ஆணிகளையும் பூட்டுத்துண்டுகளையும் குளிர்ந்த நிலையிலேயே கோத்துத் தைக்கும் மெட்டல் ஸ்டிச்சிங் முறை பெரும்பாலும் நல்ல பலன் தரும். சிலிண்டர் சுவர் விரிசலுக்கு ஸ்லீவ் போடலாம். அலுமினிய அரிப்பைத் தேர்ந்த கைகள் வெல்டிங்கில் நிரப்பி மறுபடி ஃபேஸ் செய்யலாம். திரும்பப் பூட்டும்போது டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குவது இத்தனை உழைப்பையும் வீணாக்கும். எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவும் வரிசையும், பழைய வகைக் கேஸ்கெட்டானால் சூடாகி ஆறிய பிறகு மறுஇறுக்கமும் கட்டாயம்.

விவாதத்தில் இருப்பவை

ரேடியேட்டரில் ஊற்றும் கசிவடைப்பான் பற்றி இரு தரப்பு உண்டு. நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க வெளிக்கசிவுக்கு அதை ஊற்றுவதில் தவறில்லை. ஆயில் கலப்புக்கு அது தீர்வாகாது. அடைக்க வேண்டிய துளையைத் தவறவிட்டு, ஹீட்டரையும் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும். பிறகு செய்ய வேண்டிய அழுத்தச் சோதனையையும் பொய்யாக்கும்.

ஃப்ளஷ் செய்வது பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. டீசல் ஊற்றி ஓட்டுவது நம் பழைய வழக்கம். டீசலுக்கு பேரிங்கைக் காக்கும் தடிமன் கிடையாது. விலை குறைந்த ஆயிலையே ஊற்றி, வெதுவெதுப்பாகும்வரை ஓட்டி வடித்து, பாலின் நிறம் மறையும்வரை திரும்பச் செய்வது பாதுகாப்பு. ஒவ்வொரு முறையும் ஃபில்டரை மாற்ற வேண்டும். கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்த்தால் பேரிங் உலோகம் தெரிகிறதா என்பதும் தெரிந்துவிடும். வெறும் நீர் கலந்த ஆயில் இப்படித் தெளியும். கிளைகால் கலந்தது எளிதில் தெளியாது. ஆயில் மருந்துகளோடு சேர்ந்து அமிலமும் பிசினும் ஆகி, பேரிங்கை அரித்து, ஆயில் துளைகளை அடைக்கும். அப்படிப்பட்ட எஞ்சினில் சம்ப்பை இறக்கி, பேரிங்குகளைக் கண்ணால் பார்க்காமல் வண்டியை ஓட்டக்கூடாது.

அப்படியானால் வெறும் தண்ணீரே நல்லது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கசிந்த பின் வரும் தீமையை மட்டும் பார்த்தால் அது சரிபோலத் தோன்றும். கசிவை உண்டாக்குவதே துருவும் அரிப்பும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் வாதம் நிற்காது. தரமான கூலண்ட்டைத் தாது நீக்கிய நீரில் கலந்து, காலம் தவறாமல் மாற்றுவதுதான் பழைய எஞ்சினுக்கும் ஏற்றது.

பட்டறைக்கும் உரிமையாளருக்கும்

உத்தரபாரா நின்றுவிட்டது, குர்லாவின் பத்மினி நின்றுவிட்டது, மெட்ராஸின் ஸ்டாண்டர்டும் இல்லை. இனி அந்த பிளாக்குகளும் ஹெட்டுகளும் புதிதாக வார்க்கப்படப் போவதில்லை. ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகர் குஜிரிச் சந்தையிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் கிடைப்பவை, வேறொரு வண்டியின் வரலாற்றைச் சுமந்து வரும் பழையவை. 2021 விதிகளும் விண்டேஜ் வண்டி மூல வடிவில், எஞ்சினிலோ சேசிஸிலோ பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்கின்றன. தவறான தீர்ப்பால் வீணாக ஃபேஸ் செய்யப்படும் ஒவ்வொரு ஹெட்டும் தன் ஆயுளில் ஒரு பங்கை இழக்கிறது. குறிப்பிட்ட தடிமனுக்குக் கீழே அதை மறுபடி ஃபேஸ் செய்ய முடியாது.

ஆகவே இரண்டு பழக்கங்களை வற்புறுத்துகிறேன். உரிமையாளர் ரேடியேட்டர் மட்டத்தையும் டிப் ஸ்டிக் மட்டத்தையும் வாரந்தோறும் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். ஒன்று இறங்க மற்றது ஏறினால், பால்நிறம் தெரிவதற்கு முன்பே அந்தக் குறிப்பேடு எச்சரிக்கும். பட்டறையில், ஆயிலில் நீர் என்று வண்டி வந்தால், அழுத்தச் சோதனையின் முடிவைத் தாளில் எழுதி உரிமையாளருக்குக் காட்டாமல் ஹெட்டைத் தொடுவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். ஓர் இரவு காத்திருப்பதற்கு ஆகும் செலவு அற்பம். அந்தக் காத்திருப்பு இல்லாமல் இழக்கும் வார்ப்பிரும்பை எந்த விலைக்கும் திரும்ப வாங்க முடியாது. ஆதாரத்தோடு நோயைச் சொல்லும் மேஸ்திரிக்கு அதற்குரிய கூலியைத் தயங்காமல் கொடுக்க உரிமையாளர்களும் பழக வேண்டும். கழற்றிப் பூட்டுவதற்கு மட்டுமே கூலி கிடைக்கும் தொழிலில், கழற்றுவதே நோயறிதலாகிவிடும்.